தெருவுக்கு வளைவு கட்ட முன்னம்

யாழ்ப்பாணத்தில் யாரையாவது கௌரவிக்க வேண்டுமென்றால் நமக்குக் கைவந்த வழி ஒன்றுதான். சந்தியில் ஒரு வளைவு, வளைவில் உபயகாரரின் பெயர், திறந்து வைக்க ஒரு அரசியல்வாதி, அடுத்த மாரியோடு பெயின்ட் உரியும், கதை முடிந்தது. ஒரு தெருவை, அங்கே வாழ்ந்த மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் மரபுப் பகுதியாக மாற்றுவது இதைவிடப் பெரிய வேலை. உலகத்தில் இந்த வேலையை அதிகம் செய்து பார்த்தவர்களும் அதில் அதிகம் அடி வாங்கியவர்களும் வட அமெரிக்காவின் கறுப்பின மக்கள்தான். அற்லாண்டா, சிக்காகோ, துல்சா, ஹியூஸ்டன், சான் பிரான்சிஸ்கோ, வன்கூவர், நம்மவர்கள் நிறைந்த ரொறன்ரோ என்று அவர்கள் மீட்ட தெருக்கள் பல, மீட்க முடியாமல் போனவை அதைவிடப் பல. அங்கே எது நின்றது, எது விழுந்தது என்று பார்த்துத்தான் இதை எழுதுகிறேன், நமது நகரத்தில் யாராவது இப்படியொன்றைத் தொடங்கினால் எந்த ஒழுங்கில் போவது என்று சொல்வதற்காக.

ஒழுங்குதான் இதில் எல்லாம். முதலில் ஆட்கள், பிறகு பதிவு, பிறகு காணி, அதற்குப் பிறகுதான் மாநகர சபை, கடைகள், கலை. இதைத் தலைகீழாகச் செய்த இடங்களிலெல்லாம் அழகான சுவரோவியம் மிஞ்சியது, ஓவியத்தில் இருந்தவர்களின் பிள்ளைகள் வாடகை கட்ட முடியாமல் ஊரைவிட்டுப் போனார்கள்.

யாருடைய தெரு?

துல்சா நகரத்தின் கிறீன்வூட் பகுதி கறுப்பின வணிகர்களின் கோட்டை. 1921 மே 31இலும் ஜூன் 1இலும் வெள்ளையர் கும்பல் அங்கே 35 தெருத்தொகுதிகளை எரித்தது. நமது பொது நூலகம் எரிக்கப்பட்டது 1981 மே 31 இரவு, ஜூன் 1 விடியும்போது சுமார் 97,000 நூல்கள் சாம்பல். அறுபது வருட இடைவெளி, அதே இரவு. இதைப் பார்த்தவுடன் நெஞ்சு அடைக்கும், நாங்களும் அவர்களும் ஒன்று என்று எழுதத் தோன்றும். எழுதலாம், அதில் பிழையில்லை.

ஆனால் கிறீன்வூட் மக்கள் தங்கள் சொந்த நகரத்தைப் பார்த்துத்தான் கேட்டார்கள், நீ எங்களை என்ன செய்தாய் என்று. யாழ்ப்பாண நகரத்தைப் பார்த்து அப்படிக் கேட்கக் கூடியவர்கள் யார் யார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து வெளியேற்றிய சோனகதெரு முஸ்லிம்கள். கோயில் வாசலுக்கும் தேநீர்க்கடைக் குவளைக்கும் போராட வேண்டியிருந்த சாதிகள். நகரத்தின் குப்பையைத் தலைமுறை தலைமுறையாக அள்ளியும் தங்கள் குடியிருப்புக்கு வழி விடப்படாத தொழிலாளர் குடும்பங்கள். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டத்தில் அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதியே இருந்தது, இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். ஆகவே 'அடிமை வரலாறு' அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தம் என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

(ஆபிரிக்க வம்சாவளியினர் இந்தத் தீவிலும் இருக்கிறார்கள். புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழும் அவர்களுடைய மஞ்ஞா பாட்டைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அவர்களுக்கென்று ஒரு தெரு எழுதப்பட வேண்டும், அதை அவர்களும் புத்தளத்தாரும் எழுதட்டும்.)

நான் உதாரணத்துக்குச் சோனகதெருவையே எடுக்கிறேன். ஐந்து சந்தியிலிருந்து ஒஸ்மானியா கல்லூரிப் பக்கம் நடந்தால் இன்றும் கதை கண்ணுக்குத் தெரியும். திருத்திக் குடியேறிய வீடு ஒன்று, பக்கத்தில் கூரையில்லாமல் சுவர் மட்டும் நிற்கும் வீடு ஒன்று, அதற்குள் முளைத்துப் பெருத்துவிட்ட மரம். அமெரிக்காவில் நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்றல்ல. அங்கே கற்றுக்கொண்ட வேலைமுறை இங்கே உதவும், அவ்வளவுதான்.

ஆட்களைச் சேர்க்கும் வேலை

குழுவில் பாதிக்கு மேல் அந்தத் தெருவின் மக்களாக இருக்க வேண்டும். இதைக் குழுவின் யாப்பில், அதாவது விதிக்கோவையில், எழுதுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். அந்தப் பாதிக்குள்ளும் பள்ளிவாசல் நிர்வாகத்தார், வீட்டுச் சொந்தக்காரர், வர்த்தகர் என்று பெரிய ஆட்களாகவே நிரப்பினால் வாடகைக்கு இருப்பவர்களின் குரலும் பெண்களின் குரலும் வெளியே நின்றுவிடும். நீங்கள் அந்தச் சமூகத்தைச் சேராதவர் என்றால் உங்கள் வேலை கதிரை தூக்குவது, கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அலைவது, கடிதம் ரைப் பண்ணுவது. தலைவர் பதவி அல்ல.

சரி, தெருவின் மக்கள் எங்கே? இங்கேதான் பலர் சறுக்குவார்கள். 1990இல் வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். அதில் பெருந்தொகையானோர் புத்தளத்திலேயே வேர்விட்டுவிட்டார்கள், சிலர் நீர்கொழும்பில், சிலர் கொழும்பில். யாழ்ப்பாணத்தில் வீட்டைத் திருத்தி வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் புத்தளத்தில் படிக்க வைக்கும் குடும்பங்கள், இரண்டு இடத்திலும் ஒவ்வொரு காலை வைத்து வாழ்கிறவர்கள், ஏராளம். கூட்டத்தை யாழ்ப்பாணத்தில் மட்டும் வைத்தால் தெருவில் பாதிப் பேர் அழைக்கப்படவே இல்லை என்று அர்த்தம். ஆகவே ஒரு கூட்டம் இங்கே என்றால் ஒரு கூட்டம் புத்தளத்தில். வெள்ளிக்கிழமை நண்பகலில் வைக்காதீர்கள், நோன்பு மாதத்து மாலைகளில் வைக்காதீர்கள். பஸ் காசைக் குழு கொடுக்கட்டும்.

சான் பிரான்சிஸ்கோவில் பில்மோர் என்ற பகுதி ஒரு காலத்தில் ஜாஸ் இசைக்குப் பேர்போன கறுப்பினக் குடியிருப்பு. நகரப் புனரமைப்பு என்ற பெயரில் அதை இடித்தார்கள். போனவர்கள் திரும்பி வரலாம், முன்னுரிமை தருவோம் என்று கையில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். பல வருடம் கழித்துப் புதுக் கட்டடம் எழும்பியபோது சான்றிதழ் வைத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் திரும்பவில்லை, திரும்ப வசதியும் இல்லை. போனவர்களில் பலர் எங்கே இருக்கிறார்கள் என்ற முகவரியே அங்கே தொலைந்துவிட்டது. உங்கள் குழுவின் முதல் செலவு அந்த முகவரிப் புத்தகமாக இருக்கட்டும்: குடும்பத் தலைவரின் பெயர், பழைய வீட்டிலக்கம், இப்போது எங்கே, யாரைக் கேட்டால் தெரியும்.

பதிவு: வீடு வீடாக

மயாமி நகரத்தில் ஓவர்டவுன் என்ற கறுப்பினப் பகுதியை நெடுஞ்சாலை கிழித்துப் போட்டது. 1977இல் அங்கே கறுப்பின ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியவர் டொரதி ஜென்கின்ஸ் பீல்ட்ஸ் என்ற பாடசாலை நூலகர். தன் நகரத்துக் கறுப்பின மக்களைப் பற்றி அலுமாரியில் தேடியபோது எழுத்தில் ஒன்றுமே அகப்படாததால் அவரே சேர்க்கத் தொடங்கினார். 1913இல் கட்டிய லிரிக் தியேட்டர் பிறகு அந்தக் காப்பகத்தின் கைக்கே வந்து சேர்ந்தது. தாள் முதலில் வந்தது, கட்டடம் பின்னால் வந்தது.

நம் ஊரில் இதைச் செய்ய ஒரு பெரிய வெள்ளைத் தாள் போதும். ஐந்து சந்தியை நடுவில் குறியுங்கள், தெருக்களைக் கோடாக இழுங்கள். வயதானவர்களை உட்கார வைத்து, "எந்த ஆண்டு கடை தொடங்கினீர்கள்" என்று தொடங்காதீர்கள், ஆண்டு யாருக்கும் நினைவில் இராது. "உங்கள் வீட்டு வாசலில் நின்றால் இடப்பக்கம் யார் வீடு, வலப்பக்கம் யார் வீடு" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு உங்களுக்கு வேலையே இல்லை. "இது தையற்காரர் வீடு, அவருடைய மெசின் விறாந்தையில் இருக்கும், பெருநாளைக்கு முன் இரவு முழுக்கச் சத்தம்" என்று ஒருவர் தொடங்க, இன்னொருவர் "தையற்காரர் அந்தப் பக்கம் அல்லவோ, இது இரும்புக்கடைக்காரர் வீடு" என்று மறிப்பார். இருவரும் சண்டை பிடிப்பார்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் எழுதுங்கள், இரண்டு நிறப் பேனையில். பெண்களைத் தனியாகக் கேளுங்கள், கிணற்றடியையும் வளவுக்குள்ளால் போகும் குறுக்குப் பாதைகளையும் அவர்கள்தான் சொல்வார்கள், ஆண்களின் வரைபடத்தில் அவை இராது.

வாய்மொழியை உறுதிப்படுத்தத் தாள்கள் உண்டு. பழைய சோலைவரி (வீட்டு வரி)ப் பதிவுகள் சபையில் மிஞ்சியிருந்தால் அவற்றைவிடப் பொக்கிஷம் இல்லை, வீட்டிலக்கமும் பெயரும் வரிசையாக இருக்கும். காணிப் பதிவகம், ஒஸ்மானியா கல்லூரியிலும் கதீஜா மகளிர் கல்லூரியிலும் உள்ள பழைய சேர்வு இடாப்புகள், பள்ளிவாசல் திருமணப் பதிவுகள், நொத்தாரிசுமாரின் வாரிசுகள் கையில் கிடக்கும் காணி உறுதிக் கட்டுகள். அவசரத்தில் வெளிக்கிட்டவர்கள் பலர் படம்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை, ஆகவே ஒரு கலியாணப் படம் கிடைத்தால் அது பத்து வீட்டுக்குப் பொதுவான படம். படத்தை அந்த வீட்டிலேயே ஸ்கான் செய்து அந்த நிமிடமே திருப்பிக் கொடுங்கள், "நாளைக்குத் தருகிறோம்" என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். பிரதியொன்றை 2005இலிருந்து இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தில் ஒப்படைக்கப் பாருங்கள், குழு கலைந்தாலும் பதிவு கலையாது.

இன்னொன்று. வீட்டுக்குள் இருந்த தளபாடம் யார் வீட்டுக்குப் போனது, கதவு நிலையை யார் கழற்றினார்கள் என்று பெயர் சொல்லிக் கதைப்பார்கள். அதைக் கேளுங்கள், பதியுங்கள், ஆனால் வெளியிடாதீர்கள். இப்போது அயலில் சேர்ந்து வாழ வேண்டியவர்கள் அவர்கள்தான், நீங்கள் அல்ல.

பெரிய மனிதர்களைத் தேடி ஓடும் ஆசையையும் கொஞ்சம் அடக்குங்கள். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிமாகி, பிறகு கொழும்பு ஸாஹிரா கல்லூரி அதிபரான ஏ.எம்.ஏ. அஸீஸுக்கு அங்கே இடம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அஸீஸ் ஏற்கெனவே புத்தகங்களில் இருக்கிறார். அந்தத் தையல் மெசின்காரர் எதிலும் இல்லை.

காணி: இதில் தோற்றால் எல்லாம் தோற்றது

அற்லாண்டாவின் ஓபர்ன் அவெனியூ கதையை நன்றாகக் கவனியுங்கள். மார்ட்டின் லூதர் கிங் 1929இல் பிறந்த தெரு. கறுப்பினக் காப்புறுதிக் கம்பனி, வங்கி, பத்திரிகை, தேவாலயம் எல்லாம் வரிசையாக இருந்த தெரு. 1956இல் போர்ச்சூன் சஞ்சிகை உலகத்திலேயே பணக்காரக் கறுப்பினத் தெரு என்று எழுதியது. 1960களில் நடுவால் நெடுஞ்சாலை போட்டார்கள். 1976இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற உயர்ந்த பட்டமும் கிடைத்தது. பட்டம் கிடைத்துப் பதினாறு வருடத்தில், 1992இல், நாட்டில் மிக ஆபத்தான நிலையில் உள்ள பதினொரு மரபிடங்களின் பட்டியலில் அதே தெரு. 2012இல் மறுபடியும் அதே பட்டியல். பட்டம் கூரையைத் தாங்காது. கட்டடம் யார் கையில், வாடகை யார் கையில் என்பதுதான் தாங்கும். அங்கே பின்னாளில் உருப்படியாக நடந்தது என்னவென்றால், 1980இல் தொடங்கிய ஒரு சமூக நிறுவனம் கிங் பிறந்த வீட்டைச் சுற்றியிருந்த பாழடைந்த வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கித் திருத்தி, அங்கேயே இருந்தவர்களை வெளியேற்றாமல் குடியமர்த்தியதுதான்.

ஹியூஸ்டனில் இதற்கு இன்னும் பழைய உதாரணம் இருக்கிறது. விடுதலையான அடிமைகள் 1872இல் தங்களுக்குள் காசு சேர்த்து, விடுதலை நாளைக் கொண்டாடவென்றே பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். இன்றும் அது எமன்சிபேசன் (விடுதலை) பூங்கா. அதே பகுதியில் 1993இல் சில கறுப்பினக் கலைஞர்கள் இடிக்க இருந்த 22 சிறு வீடுகளைப் பிடித்துத் திருத்தினார்கள். சில வீடுகளில் கலைக்கூடம், சில வீடுகளில் தனித்து நின்ற இளம் தாய்மார் பிள்ளைகளோடு இருந்து படிப்பை முடிக்க இடம். ஒரு பெரிய நூதனசாலை கட்டும் காசில் இப்படிப் பல வரிசை வீடுகள் திருத்தலாம். யாழ்ப்பாணத்தில் பதினொரு மாடியில் ஒரு கலாசார மண்டபம் நமக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது, இன்னொரு மண்டபம் கேட்டு யாரிடமும் போக வேண்டாம்.

இனி நம் காணிச் சட்டத்துக்கு வருவோம், அலுப்பாக இருந்தாலும் வாசியுங்கள்.

பத்து வருடம் ஒருவர் தடையின்றி ஆண்டால் காணி அவருக்காகிவிடலாம் என்பது 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டம். துரத்தப்பட்டவர் எப்படி வந்து தடை சொல்லுவார்? அதற்காகத்தான் 2016இல் விசேட ஏற்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது: ஆயுதக் குழுக்களின் செயலால் தன் காணிக்கு வர முடியாதவருக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அந்தப் பத்து வருடக் கணக்கில் சேராது. அதற்கும் கால எல்லை விதித்திருந்தார்கள். ஆகவே உங்கள் தெருவில் ஒவ்வொரு காணியும் என்ன நிலையில் இருக்கிறது என்று ஒரு சட்டத்தரணியை வைத்துப் பட்டியல் போடுங்கள்: உறுதி தெளிவானது, உறுதி தொலைந்தது, பங்கு பிரிக்காதது, வேறொருவர் குடியிருப்பது, வழக்கில் இருப்பது. பங்கு பிரிக்காததுதான் அதிகம் இருக்கும். ஒரு தாய்வீட்டுக்கு ஏழு வாரிசு, ஐந்து ஊர். அவர்களை ஒரு மேசைக்குக் கொண்டுவருவதற்கு இந்த மரபுத் தெரு முயற்சி ஒரு சாட்டாக இருந்தால் அதுவே பெரிய வெற்றி.

அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டனில் 1980இல் ஒரு சட்டம் வந்தது, வாடகைக்கு விட்ட கட்டடத்தைச் சொந்தக்காரர் விற்க நினைத்தால் குடியிருப்பவருக்கு முதல் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று. அந்த ஊரில் பல குடும்பங்கள் வெளியேறாமல் தப்பியது அதனால். நமக்கு இது புதிதல்ல. தேசவழமையில் பங்குக் காணியை விற்பவர் முதலில் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும், வடமாகாணக் காணிக்கு அது பொருந்தும், 1947இன் கட்டளைச் சட்டம் அதை ஒழுங்குபடுத்தியிருக்கிறது. குழு செய்ய வேண்டியது, அந்த அறிவித்தல் போகும்போது பங்காளிக்கு வாங்க வசதியில்லாவிட்டால் உதவ ஒரு சிறு நிதியம் வைத்திருப்பது. அப்புறம், சொந்தக்காரர்கள் தாங்களாக விரும்பி, "விற்பதென்றால் முதலில் நிதியத்துக்குச் சொல்வேன்" என்று ஒப்பந்தம் எழுதித் தரலாம். யாரையும் வற்புறுத்த வேண்டாம். வெளிநாட்டுக் காசு வந்து இந்த நகரத்தில் காணிப் பரப்பு விலை எங்கே போய் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஒரு ஏழைக் குடும்பத்துக்குக் கிடைக்கும் நல்ல விலையை மரபின் பேரில் மறிக்க யாருக்கும் உரிமை இல்லை.

நிதியத்தைப் பதியும்போது 1917இன் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் கீழ் பதிவதா, முஸ்லிம் சமூகத்தின் சொத்தென்றால் அறச் சொத்துகளுக்கான 1956இன் வக்பு சட்டத்தின் கீழ் வருவதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். வன்கூவரில் ஹோகன்ஸ் அலி என்ற கறுப்பினக் குடியிருப்பு 1970ஐ ஒட்டி மேம்பாலத்துக்காக அழிந்தது. அதன் நினைவுச் சங்கத்தார் பிறகு நகரசபையிடம் கேட்டது நினைவுத்தூண் அல்ல, அந்தக் காணியைச் சமூகக் காணி நிதியமாகத் தங்கள் கையில் தரச் சொல்லித்தான் கேட்டார்கள். இந்தத் தெளிவு வர அவர்களுக்கு ஐம்பது வருடம் எடுத்தது.

சபைக்குப் போவது

இவ்வளவும் கையில் இருந்தால்தான் மாநகர சபைக்குப் போங்கள். தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள், அவர்கள் எழுதட்டும் என்று விட்டால் "கௌரவிக்கும் முகமாக" என்று தொடங்கி "நன்றி" என்று முடியும். அதில் நான்கு விடயம் இருக்க வேண்டும். எல்லை எது, குழு யார், வருட வரவுசெலவில் எந்தத் தலைப்பின் கீழ் காசு, யாராவது பெரிய கட்டடம் கட்டவோ பழையதை இடிக்கவோ விண்ணப்பித்தால் குழுவுக்கு எத்தனை நாளுக்குள் அறிவிப்பார்கள்.

அமெரிக்காவின் ஓக்லன்ட் நகரசபை 2016 ஜனவரியில் 14ஆம் தெருவைக் கறுப்பினக் கலை, வணிகப் பகுதியாகத் தீர்மானம் போட்டு அறிவித்தது, பெயர் கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோ 2018இல் ஒரு படி மேலே போனது. பேவியூவில் ஆபிரிக்க அமெரிக்கப் பண்பாட்டுப் பகுதியை அறிவித்த அதே வருடம், விடுதி வரியில் ஒரு பங்கு இப்படியான பகுதிகளுக்குப் போக வேண்டும் என்று வாக்காளர்களிடமே கேட்டு நிறைவேற்றினார்கள். நம் நகரத்திலும் விடுதிகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றிடமிருந்து சபைக்கு வரும் கட்டணத்தில் ஒரு சிறு பங்கைக் கேட்பது அதிகமான ஆசை அல்ல.

வீதி யாருடையது என்று முதலே விசாரியுங்கள். ஒரு வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையதாக இருக்கும், அடுத்தது மாகாண வீதித் திணைக்களத்துடையது, ஒழுங்கை மட்டும் மாநகர சபையுடையது. பெயர்ப்பலகைக்கு ஒரு குழி தோண்ட மூன்று கந்தோர் ஏறியிறங்க வேண்டிவரும். விதானையாரையும் (கிராம அலுவலரையும்) பிரதேச செயலரையும் தொடக்கத்திலேயே அழைத்துவிடுங்கள், பிறகு "எனக்குத் தெரியாது" என்று ஒருவரும் சொல்லக் கூடாது. தொல்லியல் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கேட்கலாமா? நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்துக்குக் கேட்கலாம்தான், ஆனால் இந்த மாகாணத்தில் அந்தத் திணைக்களத்தின் பெயரைக் கேட்டாலே சனம் காணி போகப்போகிறது என்று பயப்படும், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. வீட்டுக்காரர் கேட்காமல் நீங்கள் கேட்காதீர்கள்.

கடைகள்

ரொறன்ரோவின் எக்லின்டன் மேற்கில் லிட்டில் ஜமேக்கா என்று ஒரு பகுதி, தலைமுடி அலங்காரக் கடையும் ரெகே இசைத்தட்டுக் கடையும் ஜமேக்கச் சாப்பாடுமாக இருந்தது. 2011இல் ரயில் பாதை வேலை தொடங்கி, வருடக்கணக்காகக் கடை வாசலில் தடுப்பும் புழுதியும். அதற்கிடையில் ஒரு ஒழுங்கைக்கு ரெகே லேன் என்று பெயர் வைத்து, சுவரில் பெரிய ஓவியமும் வரைந்தார்கள். ஓவியம் அழகு. கடைகள் பல மூடிப் போயின.

நமக்குப் பாடம் சின்னது: வடிகான் வெட்டுவதோ வீதிக்குக் கல் பதிப்பதோ பெருநாள் காலத்தில் நடக்கக் கூடாது, ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். மரபுத் தெரு என்றவுடன் அழகு பார்க்கத் தொடங்கி, திரும்பி வந்தவர்கள் சோறு தின்னும் பழைய இரும்பு வியாபாரத்தை "அசிங்கம்" என்று ஒதுக்கவும் கூடாது. அந்தத் தராசும் லொறியும்தான் இன்றைய சோனகதெரு. வெள்ளைக்காரப் பயணிகளுக்குக் கோப்பிக்கடை பிறகு பார்க்கலாம்.

கடைசியில் கலை

இங்கேதான் கொஞ்சம் சந்தோசப்படலாம். சிக்காகோவின் பிரொன்ஸ்வில் பகுதியில் 1996இல் அலிசன் சார் செய்த வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்த ஒரு மனிதர், கையில் கயிறு கட்டிய பெட்டி. தூரத்திலிருந்து பார்த்தால் செதில் செதிலாக ஏதோ உடுப்பு. கிட்டப் போனால்தான் தெரியும், உடுப்பு முழுக்கத் தேய்ந்த சப்பாத்துகளின் அடித்தோல். ஒன்றுக்குமேல் ஒன்றாக, ஓட்டையோடு. நடந்து வந்த தூரத்தை ஒரு வரிகூட எழுதாமல் சொல்லிவிட்டார்.

துல்சாவில் வேறு வழி. கிறீன்வூட் நடைபாதையில் சிறு உலோகத் தகடுகள், எரிந்த கடைகளுக்காக, கடைக்கு ஒன்று. கடைப் பெயர், இலக்கம், 1921இல் அழிந்தது, மீண்டும் திறந்தது அல்லது திறக்கவில்லை. அவ்வளவுதான் எழுத்து.

இந்தத் தகட்டு யோசனையை நான் அப்படியே களவெடுப்பேன், ஒரு மாற்றத்தோடு. தரையில் பதிக்க வேண்டாம். எழுத்தில் கால் படுவதை இங்கே தமிழரும் பொறுக்கமாட்டார்கள், முஸ்லிம்களும் பொறுக்கமாட்டார்கள், அதுவும் ஒருவருடைய தகப்பனின் பெயர். படலைத் தூணில், கண் மட்டத்தில், ஒரு சாண் கருங்கல். பெயர், தொழில், எப்போதிலிருந்து, 1990, திரும்பியது எப்போது, திரும்பாவிட்டால் "திரும்பவில்லை". குடும்பத்தின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஒரு கல்லும் வேண்டாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள், சிங்களத்தை அந்த மொழிக்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பிழை பாருங்கள்.

சிலை வேண்டாம். நமக்குச் சிலை என்றால் ஒரு தனி ஆசை, சந்திக்குச் சந்தி வைத்திருக்கிறோம், ஆனால் மனித உருவத்தை நிறுத்துவது அந்த மக்களின் மார்க்கத்துக்கு ஒத்துவராது. சுவரோவியம் என்றாலும் என்ன வரையலாம் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள், கேட்டால் உங்களுக்குத் தோன்றாததெல்லாம் சொல்வார்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் நேரடியாகக் கடைப் பெயின்ட் அடிக்காதீர்கள், சுவர் மூச்சுவிடாமல் ஈரத்தைப் பிடித்து ஒரு மாரியிலேயே பொருக்குப் பொருக்காகக் கழன்றுவிடும், கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சை முதலில் திருத்தி, மாரி முடிந்து மாசி பங்குனியில், சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு வரையுங்கள்.

கூரையில்லாத வீடுகளில் ஒன்றையாவது, சொந்தக்காரர் சம்மதித்தால், திருத்தாமல் அப்படியே விடுங்கள். மரத்தை மட்டும் சுவரை உடைக்காதபடி வெட்டிவிட்டால் போதும்.

காசும் கணக்கும்

ஒரு கணக்கு, காசோலையில் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று பெண்ணுடையது. மூன்று மாதத்துக்கொரு முறை வரவுசெலவு பள்ளிவாசல் பலகையிலும் சனசமூக நிலையத்திலும் புத்தளத்துக் கூட்டத்திலும் ஒட்டப்பட வேண்டும். வெளிநாட்டிலிருந்து காசு வரும், கூடவே "அப்பாவின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள்" என்ற நிபந்தனையும் வரும். ஐயாயிரம் தந்தவருக்கும் ஐம்பது இலட்சம் தந்தவருக்கும் ஒரே அளவு எழுத்து என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், கோபிப்பவர் கோபிக்கட்டும்.

வரும் காசில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென்று தொடக்கத்திலேயே தனியாக வையுங்கள். மாரி கழிந்து ஒவ்வொரு தையிலும் இரண்டு பேர் தெருவில் நடந்து, எந்தக் கல் கழன்றது, எந்தச் சுவர் ஊறியது, எந்த வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்தத் திருத்தக் காசில் கை வைப்பதென்றால் குழுவில் மூன்றில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்பதை யாப்பிலேயே போட்டுவிடுங்கள்.